ஓடாத உதாரணம்: பிளாக்செயினில் டெவ்ரெல் வேலை கற்பது பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கும் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தான். "அண்ணா, பிளாக்செயின் பக்கம் வேலைக்குப் போகணும்னு ஆசை. கோடிங் சுமாராத்தான் வரும். ஆனா நல்லாப் பேசுவேன். டெவ்ரெல் எனக்கு செட் ஆகுமா? ட்விட்டர்ல போஸ்ட் போடுற வேலைதானே அது?"

அவசரத்தில் "இல்லடா, அது வேற" என்று மட்டும் பதில் போட்டுவிட்டேன். அப்புறம் ரெண்டு நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் நானும் சில வருஷங்களுக்கு முன்னால் ஏறக்குறைய இதே கணக்கைப் போட்டுத்தான் இந்த வேலைக்குள் வந்தேன். அந்தக் கணக்கு தப்பு என்று எனக்குப் புரிவதற்கு, என் கட்டுரையைப் படித்த ஒருவர் பணம் இழக்க வேண்டியிருந்தது. அதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெயர். டெவ்ரெல் என்பது டெவலப்பர் ரிலேஷன்ஸ் என்பதன் சுருக்கம். சோப்பு விற்கிற கம்பெனிக்கு வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிறார். நிரலாளர்கள் பயன்படுத்தும் கருவியை விற்கிற கம்பெனிக்கு வாடிக்கையாளரே நிரலாளர்தான். அவரிடம் விளம்பரம் அவ்வளவாக எடுபடாது. "ஓடுதா? ஓட்டிக் காட்டு" என்பார். ஓட்டிக் காட்டுவதும், அவர் கையில் அது ஓடாமல் போனால் ஏன் என்று கண்டுபிடிப்பதும், கண்டுபிடித்ததைக் கம்பெனிக்குள் கொண்டுபோய்ச் சண்டை போட்டாவது சரி செய்ய வைப்பதும்தான் இந்த வேலை. டாகுமென்டேஷன், உதாரண நிரல்கள், ஹேக்கத்தான், மேடைப் பேச்சு, டிஸ்கார்டில் பதில் சொல்வது எல்லாம் இதற்குள் அடக்கம். ட்விட்டர் போஸ்டும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

இதன் ஆரம்பத்தைப் பெரும்பாலும் ஆப்பிளில் இருந்துதான் சொல்வார்கள். 1984-இல் மேகின்டோஷ் வெளிவந்தபோது அதில் ஓட்டுவதற்கு மென்பொருள் மிகக் குறைவு. மென்பொருள் இல்லாத கணினி அழகான டப்பாதான். வெளியில் இருக்கும் மென்பொருள் கம்பெனிகளைத் தேடிப்போய் "இதற்கு எழுதுங்கள்" என்று பேசிச் சம்மதிக்க வைக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். மைக் பாய்ச், அவருக்குப் பின் கை கவாசாகி, இருவரும் அந்த வேலையைச் செய்தார்கள். பதவியின் பெயர் எவாஞ்சலிஸ்ட். தேவாலயத்தில் இருந்து கடன் வாங்கிய சொல், நற்செய்தி சொல்கிறவர் என்று அர்த்தம். எனக்கு அந்தப் பெயரில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நற்செய்தி ஒரு பக்கமாகவே போகும், இங்கிருந்து அங்கே. நான் கற்றுக்கொண்ட வரையில் இந்த வேலையில் பாதி எதிர்த்திசையில் வருவது, அதுவும் பெரும்பாலும் கெட்ட செய்தி.

பிளாக்செயினுக்கு வருவோம். எத்தீரியம் 2015 ஜூலை 30 அன்று ஓடத் தொடங்கியது. மேகின்டோஷின் கதைதான் அங்கேயும். சங்கிலி மட்டும் இருந்தால் அது ஒரு பொதுக் கணக்குப் புத்தகம், அவ்வளவுதான். அதன்மேல் யாராவது ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எழுதி ஏற்றினால்தான் அதற்கு உபயோகம் வரும். ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்றால் ஏதோ ஒப்பந்தப் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கிலியில் போய் உட்கார்ந்துகொண்டு, பணத்தைத் தானே வைத்திருந்து தானே கொடுக்கிற ஒரு நிரல் அது.

இன்றைக்கு பாலிகான், ஆர்பிட்ரம், ஆப்டிமிசம், பேஸ் என்று எத்தனையோ சங்கிலிகள், எத்தீரியத்துக்கு எழுதிய அதே சாலிடிட்டி நிரலை ஏறக்குறைய அப்படியே ஓட்டுகின்றன. அப்படியானால் ஒரு டெவலப்பர் எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்? கட்டணம், பயனர்கள், மானியம் எல்லாம் காரணம்தான். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து முயற்சி செய்யும்போது எந்தச் சங்கிலியின் உதாரணம் முதல் தடவையே ஓடியது என்பதும் ஒரு காரணம். டெவ்ரெல் ஆட்களுக்கு இந்தத் துறையில் இவ்வளவு கிராக்கி இருப்பது அதனால்தான்.

ஆனால் வேறு மென்பொருள் துறையில் டெவ்ரெல்லாக இருப்பதற்கும் இங்கே இருப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள 2017-இல் நடந்த பாரிட்டி வாலட் சம்பவத்தைப் படிக்கச் சொல்வேன். புதிதாக வருகிற யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பாரிட்டி என்ற நிறுவனம் பல கையெழுத்து வாலட் ஒன்றை எழுதியிருந்தது. சங்கத்தின் வங்கிக் கணக்கில் தலைவர், செயலாளர், பொருளாளரில் ரெண்டு பேராவது கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் இல்லையா, அதே ஏற்பாடு. ஒவ்வொரு வாலட்டிலும் முழு நிரலையும் ஏற்றினால் செலவு அதிகம் என்பதால், பொதுவான பகுதியை ஒரே ஒரு நூலக கான்ட்ராக்டில் வைத்து, எல்லா வாலட்டுகளும் அதைக் கூப்பிட்டுக்கொள்கிற மாதிரி செய்திருந்தார்கள். 2017 ஜூலையில் பழைய பதிப்பில் ஒரு ஓட்டை வழியாகப் பெரிய திருட்டு நடந்தது. உடனே திருத்திய நூலகத்தை ஏற்றினார்கள். அந்த நூலக கான்ட்ராக்டில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிருந்தது. அதற்கு உரிமையாளர் யார் என்று யாரும் பதிவு செய்யவில்லை. அந்த இடம் காலியாகவே கிடந்தது. நவம்பர் 6-ஆம் தேதி யாரோ ஒருவர் அந்தத் தொடக்கச் செயல்பாட்டைக் கூப்பிட்டுத் தானே உரிமையாளர் ஆனார். அடுத்ததாக அந்த கான்ட்ராக்டையே அழிக்கும் செயல்பாட்டைக் கூப்பிட்டார். முடிந்தது. அதை நம்பியிருந்த 587 வாலட்டுகளில் இருந்த 5 லட்சத்து 13 ஆயிரத்துக்கும் அதிகமான ஈதர் உறைந்துபோனது. திருடுபோகவில்லை, அங்கேயேதான் இருக்கிறது, எடுக்கத்தான் முடியாது. அதை மீட்க 2018-இல் ஒரு முன்மொழிவு வந்து, பெரிய சண்டை நடந்து, ஏற்கப்படாமல் போனது.

என்னை உலுக்கிய விஷயம் இதுவரை சொன்னதில் இல்லை. சம்பவத்துக்குப் பிறகு பாரிட்டியே வெளியிட்ட அறிக்கையில் ஒரு தகவல் வருகிறது. ஆகஸ்ட் மாதமே, அதாவது மூன்று மாதம் முன்னாலேயே, வெளியாள் ஒருவர் கிட்ஹப்பில் 'இந்த நூலகத்தை ஏற்றும்போதே அந்தத் தொடக்கச் செயல்பாட்டைக் கூப்பிட்டுவிடுங்கள்' என்ற யோசனையைச் சொல்லியிருக்கிறார். அதை ஒரு வசதிக்கான மேம்பாடு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளி வைத்திருக்கிறார்கள்.

அந்த யோசனையைப் படித்து 'இது வசதி இல்லை, ஆபத்து' என்று எடை போட ஒரு ஆள் வேண்டும். எடை போட்டபின், உள்ளே பத்து வேலைக்கு நடுவில் இருக்கும் இன்ஜினியரை நிறுத்தி "இதை இன்னைக்கே பாருங்க" என்று சொல்ல வேண்டும். வெளியில் இருந்து வரும் குரலை உள்ளே கொண்டுபோகிற இந்தப் பாதிதான் டெவ்ரெல்லில் கடினமானது. சாதாரண இணைய சேவையில் இப்படி ஒரு குறிப்பைத் தவறவிட்டால் நாளைக்கு ஒரு அப்டேட் போட்டுச் சமாளிக்கலாம். சங்கிலியில் ஏற்றிய நிரலை அப்படி மாற்ற முடியாது. பின்னால் மாற்றுவதற்கென்றே சிலர் ப்ராக்ஸி வைத்து எழுதுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அதுவும் முன்கூட்டியே யோசித்திருந்தால்தான் கைகொடுக்கும்.

அதனால்தான் தம்பி சொன்ன "கோடிங் சுமார், பேச்சு நல்லா வரும்" என்ற கணக்கு இங்கே இடிக்கிறது. நீங்கள் பெரிய புரோட்டோகால் எழுதும் அளவுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஒரு முந்நூறு வரி கான்ட்ராக்டைப் படித்து, யார் எந்தச் செயல்பாட்டைக் கூப்பிட முடியும், பணம் எங்கே வெளியேறுகிறது என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் மேடையேறினால் நாம் அறிவிப்பாளர்தான்.

இப்போது என் கதை. 2022 தொடக்கத்தில் முதல் டுடோரியல் எழுதினேன். 'உங்கள் முதல் டோக்கனை அரை மணி நேரத்தில் உருவாக்குங்கள்' என்ற மாதிரி ஒரு தலைப்பு (இப்போது நினைத்தால் கூசுகிறது). டிரஃபிள் என்ற கருவி, ரிங்க்பி என்ற சோதனைச் சங்கிலி, ஈதர்ஸ் நூலகத்தின் 5-ஆம் பதிப்பு. எல்லாம் நானே ஓட்டிப் பார்த்துத்தான் எழுதினேன். நல்ல வரவேற்பு, நிறையப் பகிர்வு. வேலை கிடைத்ததே அதை வைத்துத்தான்.

அதே வருஷ ஜூனில் ரிங்க்பியைக் கைவிடப் போவதாக எத்தீரியம் ஃபவுண்டேஷன் அறிவித்தது. அடுத்த வருஷம் அது நின்றேபோனது. ஈதர்ஸ் 6-ஆம் பதிப்பு வந்தது. அதில் நூலகத்தின் உள்ளடுக்கே மாறி, நான் எழுதியிருந்த வரிகளில் பாதி பிழை காட்டின. 2023 செப்டம்பரில் டிரஃபிளையே மூடப் போவதாக அதை நடத்திய கன்சென்சிஸ் அறிவித்தது. நான் சாய்ந்திருந்த மூன்று சுவரும் ஒன்றரை வருஷத்துக்குள் விழுந்துவிட்டன. கட்டுரை மட்டும் தேடலில் முன்னாலேயே வந்துகொண்டிருந்தது. "அண்ணா, நீங்க சொன்னது அப்படியே செஞ்சேன், எரர் வருது" என்று வாரத்துக்கு ரெண்டு மின்னஞ்சல். பதில் போடச் சலித்து, ஒரு கட்டத்தில் படிப்பதையே நிறுத்திவிட்டேன். அதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தத் துறையின் டுடோரியல் பால் பாக்கெட் மாதிரி. தேதி பார்க்காமல் வாங்கக்கூடாது, தேதி போடாமல் விற்கக்கூடாது. சாலிடிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 0.7 பதிப்பில் இருந்து, நேரத்தைக் குறிக்கும் 'நவ்' என்ற சொல் செல்லாது. 0.8-இல் இருந்து எண் வரம்பு மீறினால் நிரல் தானாகவே நின்றுவிடும். அதற்கு முன்பு கணக்குச் சரிபார்க்க சேஃப்மேத் என்ற நூலகம் கட்டாயம் போல இருந்தது. இன்றைக்கும் "சேஃப்மேத் போடாவிட்டால் ஹேக் ஆகிவிடும்" என்று பயமுறுத்தும் பழைய வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவை எழுதப்பட்ட காலத்தில் சொன்னது சரி. பார்க்கிறவருக்கு அது எந்தக் காலம் என்று தெரியாததுதான் பிரச்சனை.

2024-இல் ஒருவழியாக அந்த டுடோரியலைத் திருத்தி எழுதினேன். இந்த முறை செபோலியா சோதனைச் சங்கிலி. சோதனைச் சங்கிலியில் புழங்கும் ஈதருக்கு மதிப்பில்லை, ஃபாசெட் என்கிற இணையதளங்களில் இலவசமாக வாங்கலாம். ஃபாசெட் என்றால் குழாய். ஆனால் எல்லோரும் வந்து குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று பல ஃபாசெட்டுகள் ஒரு நிபந்தனை போட்டுவிட்டன: உங்கள் வாலட்டில் உண்மையான ஈதர் கொஞ்சமாவது இருந்தால்தான் சோதனை ஈதர் தருவோம். என் வாலட்டில் எப்போதும் கொஞ்சம் கிடக்கும் என்பதால் இந்த நிபந்தனை எனக்கு உறைக்கவே இல்லை. கட்டுரையில் ஒரே வரி, "ஃபாசெட்டில் சோதனை ஈதர் பெற்றுக்கொள்ளுங்கள்". தாண்டிப் போய்விட்டேன்.

ஒரு வாசகர் அந்த இடத்தில் வந்து நின்றிருக்கிறார். புதிய வாலட்டுக்குக் குழாய் சொட்டவில்லை. அவரிடம் சேமிப்பு வைத்திருந்த இன்னொரு வாலட் இருந்தது. அதைக் கொடுத்தார், வேலை செய்தது. அடுத்த படியில் நான், "பிரைவேட் கீயை டாட் என்வ் கோப்பில் ஒட்டவும்" என்று எழுதியிருந்தேன். ஒட்டினார். கடைசிப் படியில், "உங்கள் திட்டத்தை கிட்ஹப்பில் ஏற்றி நண்பர்களுக்குக் காட்டுங்கள்" என்று உற்சாகமாக முடித்திருந்தேன். ஏற்றினார், அந்தக் கோப்போடு சேர்த்து. பொதுவெளியில் விழும் பிரைவேட் கீயைத் தேடுவதற்கென்றே தானியங்கி நிரல்கள் சுற்றுகின்றன. சில நிமிஷம்தான். சுமார் 18,000 ரூபாய் மதிப்புள்ள ஈதர் போய்விட்டது. கோப்பை அழித்துப் பார்த்திருக்கிறார். கிட்டில் அழித்தாலும் பழைய வரலாற்றில் அது இருக்கும், அழித்திருக்காவிட்டாலும் அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அவர் என்மேல் கோபப்படவே இல்லை. "என் கவனக்குறைவுதான் அண்ணா, மத்தவங்களுக்காகச் சொல்றேன்" என்று எழுதியிருந்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை. அவர் செய்த ஒவ்வொரு படியும் நான் சொன்னது. சொல்லாமல் விட்ட ஒரு வரிதான் அவர் பணத்தைத் தின்றது. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது என் டுடோரியல் வாலட்டே இல்லாமல் தொடங்குகிறது. ஹார்ட்ஹேட், ஃபவுண்ட்ரி ரெண்டிலும் நம் கணினிக்குள்ளேயே ஒரு சின்ன சங்கிலியை ஓட்டலாம். ஆளுக்கு 10,000 பொய் ஈதரோடு கணக்குகளும் தயாராக வரும். முதல் நாலு பாடத்துக்கு அது போதும், குழாயடிக்கே போக வேண்டாம். (அந்தத் தயார் கணக்குகளின் கீ உலகத்துக்கே தெரியும், உண்மைப் பணத்தை அங்கே அனுப்பினால் அதுவும் உடனே போய்விடும் என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.) கீ தேவைப்படும் பாடத்தில், ஃபவுண்ட்ரியின் கடவுச்சொல் போட்டுப் பூட்டி வைக்கும் கீஸ்டோரைத்தான் சொல்லித்தருகிறேன். டாட் என்வில் கீயை ஒட்டும் வழக்கத்தை என் எந்தக் கட்டுரையிலும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு கட்டுரையின் தலையிலும் கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதியும், கருவிகளின் பதிப்பு எண்ணும் இருக்கும். உதாரண நிரல்கள் வாரம் ஒருமுறை தானாக ஓடும், உடைந்தால் எனக்கு மின்னஞ்சல் வரும். பராமரிக்க முடியாத பழசை அழித்துவிடுகிறேன். பார்வை எண்ணிக்கை போகிறதே என்று முதலில் மனசு வரவில்லை.

சரி, இந்த வேலையை எப்படிக் கற்றுக்கொள்வது? சான்றிதழ் தரும் கோர்ஸ்கள் இருக்கின்றன. சும்மா சொல்லக்கூடாது, சிலது பரவாயில்லை. ஆனால் எனக்குப் பலன் தந்தது வேறு ஒரு பயிற்சி. இந்தத் துறையில் அதை ஃபிரிக்‌ஷன் லாக் என்பார்கள். தமிழில் இடறல் குறிப்பு என்று வைத்துக்கொள்ளலாமா?

செய்வது எளிது. உங்களுக்குச் சுத்தமாகப் பரிச்சயமில்லாத ஒரு சங்கிலியின் அல்லது கருவியின் டாகுமென்டேஷனைத் திறந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டு. முதல் பக்கத்தில் இருந்து, உங்கள் முதல் பரிவர்த்தனை சங்கிலியில் பதிவாகும் வரை போங்கள். எங்கெல்லாம் நின்றீர்களோ, அங்கெல்லாம் நேரத்தையும், மனசில் ஓடியதையும் அப்படியே எழுதுங்கள். '10:05, இன்ஸ்டால் கட்டளை ஓடியது. 10:12, ஆர்பிசி முகவரியைப் போடு என்கிறது, அது எங்கே கிடைக்கும் என்று சொல்லவில்லை. 10:31, டிஸ்கார்டில் தேடி எடுத்தேன். 10:40, பிழைச் செய்தி வருகிறது, என் தப்பா அவர்கள் தப்பா தெரியவில்லை. 10:44, எரிச்சல், டீ குடிக்கப் போகிறேன்.' அந்த எரிச்சலையும் எழுத வேண்டும், அதுதான் முக்கியம். அனுபவம் கூடினால் நம் கண்ணுக்கு இந்த இடறல்கள் தெரியாமல் போய்விடும். ஃபாசெட் விஷயத்தில் எனக்கு நடந்தது அதுதான். ஆகவே புதிதாக வருகிறவரிடம் இருப்பதும், என்னிடம் இல்லாததும் இந்தத் தெரியாமைதான். அது சில மாதங்களில் தீர்ந்துவிடும். தீர்வதற்குள் எழுதிவிடுங்கள்.

எழுதியதைக் கம்பெனிக்கு அனுப்புங்கள். திட்டாமல், கூழைக்கும்பிடும் போடாமல். அதில் ரெண்டு மூன்று இடத்தை நீங்களே திருத்தி கிட்ஹப்பில் திருத்தக் கோரிக்கையாகப் போடுங்கள். பெரும்பாலான சங்கிலிகளின் டாகுமென்டேஷன் திறந்தவெளியில்தான் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் திருத்தலாம். நேர்காணலுக்கு ஆள் எடுக்கும் பக்கத்தில் நானும் சில தடவை உட்கார்ந்திருக்கிறேன். இருபது ஹேக்கத்தான் சான்றிதழைவிட, ஏற்கப்பட்ட மூன்று திருத்தங்களும் ஒரு நேர்மையான இடறல் குறிப்பும் எனக்கு அந்த ஆளைப் பற்றி அதிகம் சொல்லியிருக்கின்றன.

இன்னொரு வழி, பதில் சொல்வது. எத்தீரியத்துக்கென்றே ஸ்டேக் எக்ஸ்சேஞ்ச் தளம் இருக்கிறது. தினம் ஒரு கேள்வி எடுத்து, பதில் தெரியாவிட்டால் கண்டுபிடித்து, ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். ஒரே கேள்வி வெவ்வேறு வேஷத்தில் திரும்பத் திரும்ப வருவது ஒரு மாதத்தில் புரியும். அப்படி வரும் கேள்வி கேட்பவரின் மந்தத்தைக் காட்டவில்லை, கருவியில் எங்கேயோ கோணல் இருக்கிறது.

விளக்கும் பழக்கத்தைத் தமிழில் செய்து பார்த்தது எனக்கு எதிர்பாராத லாபம். ஒரு கல்லூரியில் காஸ் பற்றிப் பேசினேன். 'காஸ்' என்றதும் பாதிப் பேர் மனசில் சிலிண்டர். பரிவர்த்தனை தோல்வியடைந்தாலும் ஏன் காஸ் கட்டணம் போகிறது என்று ஒரு பெண் கேட்டாள். ஆங்கிலத்தில் அதற்கு மனப்பாடமாக ஒரு பதில் வைத்திருந்தேன், தமிழில் அது நகரவே மாட்டேன் என்றது. கடைசியில், "ஆட்டோ பிடிச்சு ஒரு வீட்டுக்குப் போறீங்க, வீடு பூட்டியிருக்கு. ஆட்டோக்காரர் காசு வாங்காம விடுவாரா? அவர் ஓட்டுன தூரத்துக்கு வாங்குவார்ல?" என்றேன். சங்கிலியை நடத்தும் கணினிகள் வேலை செய்துவிட்டன, முடிவு எதுவாக இருந்தால் என்ன. தூரம்தான் காஸ், கிலோமீட்டருக்கு எவ்வளவு என்பது காஸ் விலை. ஒருவர் இன்னொருவருக்கு ஈதர் அனுப்பும் எளிய பரிவர்த்தனைக்குத் தூரம் 21,000 காஸ். மழைநாளில் ஆட்டோ ரேட் ஏறுகிற மாதிரி, நெரிசலில் விலை மட்டும் ஏறும். ஆங்கிலப் பதிலை நானே சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

கடைசியாகக் காசு பற்றி. இதை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. இந்தத் துறையில் பல நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தங்கள் டோக்கனாகத் தரும். டோக்கன் விலை ஏறினால் உங்களுக்கும் லாபம். அந்த நிமிஷத்தில் இருந்து, டெவலப்பரிடம் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு நல்ல வார்த்தைக்கும் பின்னால் ஒரு விலைப்பட்டியல் வந்துவிடுகிறது. முன்பு ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்தபோது (பெயர் வேண்டாம்) சங்கிலி சில மணி நேரம் நின்றுபோனது. டிஸ்கார்டில் கேள்விமேல் கேள்வி. "திட்டமிட்ட பராமரிப்பு என்று சொல்லு" என்று எனக்கு உத்தரவு. நான் சொன்னேன். மறுநாள் உண்மை வெளியே வந்தது. அதற்குப் பிறகு அந்த டிஸ்கார்டில் நான் சொன்ன எதையும் நாலு பேர் சரிபார்த்த பிறகுதான் நம்பினார்கள். அதில் நியாயம் இருக்கிறது. நாலு மாதம் கழித்து அங்கிருந்து விலகினேன், ஆனால் அன்றைக்கே மறுத்திருக்கலாம்.

2022 நவம்பர் 11 அன்று எஃப்டிஎக்ஸ் திவாலானபோது, விலையை நம்பிப் பேசிக்கொண்டிருந்த பலரின் கணக்குகள் சத்தமில்லாமல் போனதைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வட்டத்தில் ஆட்குறைப்பு வந்தபோது டெவ்ரெல் ஆட்கள்தான் முதல் வரிசையில் இருந்தார்கள். "உங்களால் என்ன பலன்?" என்ற கேள்விக்கு, ஹேக்கத்தானில் இத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் பதில் வைத்திருந்தவர்களால் நிற்க முடியவில்லை. ஹேக்கத்தான் திட்டங்களில் பெரும்பாலானவை பரிசளிப்பு முடிந்த ஞாயிறோடு செத்துப்போகும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். டாகுமென்டேஷனில் நுழைந்தவர் முதல் பரிவர்த்தனைக்கு எத்தனை நிமிஷம் எடுக்கிறார், மூன்று மாதம் கழித்தும் எத்தனை பேர் புதிய கான்ட்ராக்ட் ஏற்றுகிறார்கள், போன மாதம் அதிகம் வந்த கேள்வி இந்த மாதம் குறைந்ததா என்று கையில் கணக்கு வைத்திருந்தவர்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள்.

ஆகவே தம்பிக்கு என் யோசனை: வீட்டு வாடகைக்கு வேண்டிய அளவாவது ரூபாயில் கேட்டு வாங்கு. இந்தியாவில் கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலில் இருந்து 30 சதவீத வரி, அதே ஜூலையில் இருந்து ஒவ்வொரு விற்பனைக்கும் 1 சதவீதப் பிடித்தம் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள். வேலைக்குச் சேரும் முன் அவர்களிடம் ஒரு கேள்வி கேள்: சங்கிலியில் கோளாறு வந்தால் அதை டெவலப்பர்களிடம் சொல்லும் அதிகாரம் யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள்? பதில் மழுப்பலாக வந்தால் கவனம்.

இதையெல்லாம் சுருக்கி அவனுக்கு அனுப்பினேன். கூடவே ஒரு சங்கிலியின் பெயரும், என் டுடோரியலின் இணைப்பும் கொடுத்து, ரெண்டுக்கும் இடறல் குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னேன். போன வாரம் வந்தது. மொத்தம் 14 இடத்தில் நின்றிருக்கிறான். ஐந்து என் டுடோரியலில். மூன்றாவது பாடத்தில், "டெர்மினலைத் திறங்கள்" என்று எழுதியிருக்கிறேனே தவிர, உள்ளூர்ச் சங்கிலி ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினலை மூடாமல் இன்னொன்றைத் திறக்க வேண்டும் என்று எழுதவில்லையாம். 25 நிமிஷம் போராடியிருக்கிறான். "10:52, நான் முட்டாளா?" என்று எழுதியிருக்கிறான்.

அந்த வரியை இன்றைக்குத்தான் திருத்தினேன். மீதி நாலு இருக்கிறது.